மரியானுக்கு ஏன் பிராண்டன்? ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ – சில கணக்குகள்

பிப்ரவரி 4 – வாசகர் கேள்வி

ஜேன் ஆஸ்டினின் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ முடித்தேன். கடைசி ஐம்பது பக்கம் ஒரே எரிச்சல். ஒரு பெண் மனசாரக் காதலிக்கிறாள், ஏமாறுகிறாள், காய்ச்சலில் செத்துப் பிழைக்கிறாள். அதற்குப் பரிசு, ஃப்ளானல் உள்சட்டை போடும் 35 வயது கர்னலா? காதலிக்காதே, அடங்கி இரு என்று பாடம் நடத்தத்தான் இந்த நாவலா?

பிப்ரவரி 4, இரவு

ஃப்ளானல் சட்டை உண்மை. கிண்டல் செய்தவளே மரியான்தான். கல்யாணத்தின்போது அவளுக்கு 19, அவருக்கு இன்னும் இரண்டு வயது கூடியிருக்கும். எரிச்சல் நியாயம்.

ஆனால் அந்தக் கர்னல் பிராண்டனின் வருமானம் என்ன என்று பார்த்தீர்களா? ஆண்டுக்கு 2000 பவுண்டு. இந்த 2000 நாவலில் வேறோர் இடத்திலும் வருகிறது, 17-ஆம் அத்தியாயத்தில். மரியானும் அவள் அக்கா எலினாரும், எலினார் விரும்பும் எட்வர்டும் உட்கார்ந்து பணம் பற்றிப் பேசுகிறார்கள். பணத்துக்கும் சந்தோஷத்துக்கும் என்ன சம்பந்தம், கௌரவமாக வாழப் போதுமானது இருந்தால் போதும் என்கிறாள் மரியான். போதுமானது என்றால் எவ்வளவு என்று எலினார் கேட்கிறாள். “1800, இல்லை 2000. அதற்கு மேல் வேண்டாம்.” எலினார் சிரித்துவிடுகிறாள்: எனக்கு 1000 இருந்தாலே செல்வம், நீ இங்கேதான் வந்து நிற்பாய் என்று தெரியும். மரியான் விடவில்லை. வேலையாட்கள், ஒரு வண்டி, முடிந்தால் இரண்டு, வேட்டைக்குக் குதிரைகள், இதெல்லாம் அதற்குக் குறைந்து முடியுமா என்கிறாள். வேட்டைக்குப் போகிறவள் இவள் இல்லை, பின்னால் இவளை ஏமாற்றப்போகும் காதலன் வில்லோபி. மனசுக்குள் அவனோடு குடித்தனமே தொடங்கிவிட்டாள்.

கடைசியில் அவள் கேட்ட தொகை பைசா குறையாமல் கிடைக்கிறது. ஆள் மட்டும் வேறு.

பிப்ரவரி 5

காலையில் இரண்டாம் அத்தியாயத்தை மறுபடி எடுத்தேன். நாலைந்து பக்கம்தான். புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வதைத் தவிர எதுவும் நடக்காது. எத்தனை தடவை படித்தாலும் வயிற்றெரிச்சல் குறையவில்லை.

பின்னணி இது. நார்லண்ட் எஸ்டேட்டின் சொந்தக்காரர் ஒரு கிழவர். அவருடைய சகோதரி இறந்தபின், உடன்பிறந்தவர் மகன் ஹென்றி டாஷ்வுட் குடும்பத்தோடு வந்து பத்து வருஷம் கூட இருந்து பார்த்துக்கொள்கிறார். பார்த்துக்கொண்டது என்றால் ஹென்றியின் மனைவியும் மூன்று மகள்களும். கிழவர் போனபின் உயிலைப் பிரித்தால் சொத்து ஹென்றிக்கு ஆயுள்வரைதான். அதன் பேரில் கடன் வாங்கக் கூடாது, மரம் வெட்டி விற்கக் கூடாது. அவருக்குப் பின் மூத்த தாரத்து மகன் ஜானுக்கு, அவனுக்குப் பின் அவனுடைய நாலு வயதுப் பையனுக்கு. எப்போதாவது வந்து மழலை பேசி, பிடிவாதம் பிடித்து, சத்தம் போட்டுவிட்டுப் போன குழந்தை, பத்து வருஷப் பணிவிடையைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. பெண்களுக்கு ஆளுக்கு 1000 பவுண்டு.

ஹென்றி அடுத்த வருஷமே போய்விடுகிறார். சேர்த்துவைக்க நேரமே இல்லை. சாகும்போது மகனைக் கூப்பிட்டு, சிற்றன்னையையும் தங்கைகளையும் பார்த்துக்கொள் என்கிறார். சரி என்று வாக்குக் கொடுக்கிறான்.

ஜானுக்கு ஏற்கெனவே தாய்வழிப் பணம் உண்டு, மனைவி கொண்டுவந்தது உண்டு, இப்போது நார்லண்டிலிருந்து ஆண்டுக்கு 4000 வேறு. தங்கைகளுக்கு ஆளுக்கு 1000, மொத்தம் 3000 கொடுக்கலாம் என்று தனக்குள் பெருமிதப்பட்டுக்கொள்கிறான். மனைவி ஃபேனி வாயைத் திறக்கிறாள். நம் குழந்தையின் சொத்தைப் பிடுங்கியா கொடுப்பது? அதானே, ஆளுக்கு 500 போதும். அதுவும் எதற்கு? அப்படியானால் அம்மாவுக்கு ஆண்டுக்கு 100? ஐயோ, ஆண்டுத்தொகை கொடுக்க ஆரம்பித்தால் மனுஷர்கள் சாகவே மாட்டார்கள். அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை, திடமாக வேறு இருக்கிறாள். என் அப்பா உயிலில் மூன்று கிழட்டு வேலைக்காரர்களுக்கு எழுதிவைத்து என் அம்மா பட்ட பாடு! சரி, எப்போதாவது 50 பவுண்டு? உங்கள் அப்பா பணத்தையே நினைத்திருக்க மாட்டார். சாமான் ஏற்றிவிடுவது, மீனும் வேட்டைப் பறவையும் கிடைக்கிற காலத்தில் கொஞ்சம் அனுப்புவது, அந்த மாதிரி உதவியைத்தான் சொல்லியிருப்பார். கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது.

ஃபேனி அதோடும் நிற்கவில்லை. அவர்களிடம் ஆண்டுக்கு 500 இருக்கிறது, வண்டி இல்லை, குதிரை இல்லை, செலவே இல்லை. அவர்கள்தான் உங்களுக்குக் கொடுக்கும் நிலையில் இருக்கிறார்கள்! அந்த வீட்டுக் காலைச் சாப்பாட்டுப் பீங்கான் செட் நம்முடையதைவிட இரண்டு மடங்கு அழகு, அதையும் கொண்டுபோகப் போகிறார்கள் என்று ஒரு வயிற்றெரிச்சல் வேறு.

ஒரு இடத்தில்கூட அவள் கொடுக்காதே என்று சொல்வதில்லை. ஒவ்வொரு படியையும் ஜானே ஒப்புக்கொண்டு இறங்குகிறான். முடிவில், தான் நியாயமாக நடந்துகொண்டதாகத் திருப்தி.

பிப்ரவரி 5, மாலை

500 பவுண்டு அன்றைக்கு ஏழ்மை இல்லையே என்று ஒருவர். இல்லைதான். அம்மாவின் 7000, பெண்களின் 3000, ஆக 10,000 அசல், 5 சதவீத வட்டி, இரண்டு வேலைக்காரிகள், ஒரு வேலைக்காரன். இங்கிலாந்துக் கூலிக்காரர் குடும்பம் கனவிலும் காணாத தொகை.

சிக்கல் எங்கே என்றால், அந்த 500 ஏறாது. ஆண் பிள்ளைக்குப் படை, பாதிரி வேலை, வக்கீல் தொழில் என்று நாலு வழி இருந்தது. இந்த வகுப்புப் பெண்ணுக்கு, பணக்கார வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கவர்னஸ் வேலை ஒன்றுதான், அதற்குப் போனால் அந்தஸ்து போச்சு. மிச்சம் கல்யாணம்.

ஆஸ்டின் தன் சொந்தக் கதையைத்தான் எழுதினார் என்று சொல்வார்கள். வரிசையைப் பாருங்கள். இந்த நாவலின் முதல் வடிவம் 1790-களிலேயே எழுதியாகிவிட்டது. அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் பாத் நகரில் இறந்தது 1805 ஜனவரியில். அதற்குப் பிறகுதான் அம்மாவும் இரண்டு மகள்களும் சகோதரர்கள் போட்ட பணத்தையும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 450-இல் வாழ வேண்டிவந்தது. முதலில் எழுதினார், பிறகு அனுபவித்தார். சகோதரர்கள் ஜான் டாஷ்வுட் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பணக்கார உறவினருக்குத் தத்துப்போன அண்ணன் எட்வர்ட் 1809-இல் சாட்டன் கிராமத்தில் வீடு கொடுத்தார். அந்த வீட்டில் இருந்துதான் இந்த நாவல் திருத்தப்பட்டு 1811-இல் வந்தது, ஆசிரியர் பெயர் இல்லாமல், ‘ஒரு பெண்மணி எழுதியது’ என்று. நஷ்டம் வந்தால் தன் தலையில் என்ற ஏற்பாட்டில் அச்சிட்டார். 140 பவுண்டு லாபம் வந்தது.

நாலு வருஷம் கழித்துத்தானே அண்ணன் வீடு கொடுத்தார் என்று எதிர்க்கேள்வி வரும். வரட்டும்.

பிப்ரவரி 7

குதிரை விஷயத்தை விட்டுவிட்டோம்.

வில்லோபி மரியானுக்கு ஒரு குதிரை தருவதாகச் சொல்கிறான், குவீன் மேப் என்று பெயர் வைத்து. அவள் துள்ளிக் குதிக்கிறாள். எலினார் மட்டும் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள்: குதிரையைப் பார்க்க ஒரு ஆள், அந்த ஆள் கூடப் போக இன்னொரு குதிரை, இரண்டையும் கட்ட ஒரு லாயம். 500 பவுண்டு வீட்டில் இது நடக்கிற காரியமா? இத்தனைக்கும் கொடுக்கிறவனுடைய கூம் மேக்னா எஸ்டேட்டே ஆண்டுக்கு 600, 700 தேறுகிற இடம். உறவுக்கார ஆலன்ஹாம் கிழவி கண்ணை மூடினால் கிடைக்கப்போகும் சொத்தை நம்பித்தான் அவன் செலவே நடக்கிறது.

எலினார் அறிவு, மரியான் உணர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் பிரித்துவைத்திருப்பார்கள். எனக்கு எலினார் என்றால் அந்த வீட்டின் வரவு செலவு நோட்டு எழுதுகிறவள். அவளுக்கும் உணர்ச்சி உண்டு, அழ நேரம் இல்லை.

பிப்ரவரி 8

சொந்தக் கதை கொஞ்சம். நான் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்திருக்கிறேன். அதிகம் டைப் அடித்தது விடுதலைப் பத்திரம். அப்பா உயில் எழுதாமல் போயிருப்பார், சொத்தில் பெண்களுக்கும் பங்கு உண்டு, அண்ணன் தம்பி பேருக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட அக்கா தங்கைகள் வருவார்கள். பத்திரத்தில் “மனப்பூர்வமாக” என்று ஒரு வார்த்தை கட்டாயம் இருக்கும். ஒரு அம்மா, பேனாவை வாங்கி, மூடியைக் கழற்றி, திரும்பப் போட்டு, “தம்பி, அந்த மாசாமாசம் தர்றேன்னு சொன்னியே, அதையும் இதுலயே எழுதிடலாமா?” என்று கேட்டார். தம்பி சிரித்துக்கொண்டே, “என்னக்கா, என்மேல நம்பிக்கை இல்லையா?” அந்த அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. தான் ஏதோ கேவலமாகக் கேட்டுவிட்ட மாதிரி அவசரமாகக் கையெழுத்துப் போட்டார்.

அதற்குப் பிறகு இந்த நாவலைப் படித்தபோது எனக்கு வேறு புத்தகமாக இருந்தது. யாருடைய வாக்கு எழுத்தில் இருக்கிறது, யாருடையது இல்லை என்று மட்டும் பாருங்கள். ஜான் அப்பாவுக்குக் கொடுத்தது வாய்ச்சொல். வில்லோபி மரியானிடம் சொன்னது அதுவும் இல்லை. நிச்சயம் ஆயிற்றா என்று எலினார் கேட்கும்போது மரியான் ஒப்புக்கொள்வதைப் பாருங்கள்: தினம் தினம் தெரியும்படி இருந்தது, வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. லண்டனில் இருந்து அவள் எழுதிய கடிதங்கள், அவள் கொடுத்த கூந்தல், எல்லாம் திரும்பி வருகின்றன. அவன் எழுதியது என்று அவளிடம் எஞ்சுவது, அவன் கட்டிக்கொள்ளப்போகிற 50,000 பவுண்டு மிஸ் கிரேயின் வார்த்தைகளைப் பார்த்து அவன் எழுதிய அந்தக் கைகழுவல் கடிதம் ஒன்றுதான்.

பிப்ரவரி 8, கொஞ்சம் கழித்து

லூசி ஸ்டீல் பாம்பு என்று நாலு பேர் எழுதிவிட்டீர்கள். பாம்புதான். ஆனால் மேலே சொன்னதை வைத்து அவளைப் பாருங்கள். எட்வர்டோடு நாலு வருஷ ரகசிய நிச்சயம். எலினாரிடம் சொல்லும்போது சும்மா சொல்லவில்லை. முதலில் எட்வர்டின் சின்ன ஓவியம் எடுத்துக் காட்டுகிறாள். அடுத்து அவன் கையெழுத்தில் கடிதம். மூன்றாவதாக அவன் கையில் இருக்கும் மோதிரம், அதில் இருக்கும் முடி என்னுடையது என்று. சாட்சியம் அடுக்குகிற வரிசை அது. அந்தக் காலத்தில் நிச்சயம் முறித்தவன்மேல் பெண் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். லூசிக்குத் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது.

எட்வர்ட் வாக்கைக் காப்பாற்றுகிறான். 30,000 பவுண்டு மிஸ் மார்ட்டனைக் கட்டிக்கொண்டால் நார்ஃபோக் எஸ்டேட், ஆண்டுக்கு 1000, தேவைப்பட்டால் 1200 என்று அம்மா ஆசை காட்டியும் அசையவில்லை. கையில் 2000 பவுண்டோடு வெளியே அனுப்பப்படுகிறான். அதே 1000 தம்பி ராபர்ட் பேருக்கு மாற்றி எழுதப்படுகிறது, திரும்பப் பிடுங்க முடியாதபடி. லூசியும் மாறிவிடுகிறாள், ராபர்ட்டுக்கு. இந்த நாவலில் காசு எங்கே பத்திரத்தில் ஏறியிருக்கிறது என்று சரியாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். ஜோடிப் பொருத்தம் பிரமாதம், இரண்டு பேருக்குமே மூளைக்கு மேல் வாய்.

வாக்கு மாறாத ஒரே ஆண் எட்வர்ட். அவனைத்தான் வாசகர்கள் சப்பென்று இருக்கிறான் என்கிறார்கள். நானும் சொன்னவர் கட்சி.

பிப்ரவரி 10

அப்படியானால் பெண்களில் யாருக்குமே அதிகாரம் இல்லையா என்ற கேள்விக்கு: இருக்கிறது, விதவைகளுக்கு. எட்வர்ட், ராபர்ட், ஃபேனியின் அம்மா மிஸஸ் ஃபெரார்ஸ் பிள்ளைகளை விரட்டுகிறார். அந்த ஆலன்ஹாம் கிழவி மிஸஸ் ஸ்மித் வில்லோபியை விரட்டுகிறார். மிஸஸ் ஜென்னிங்ஸுக்குப் புருஷன் நன்றாக எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார், இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று, லண்டனில் சொந்த வீடு, வாய் நிறைய அரட்டை. நாவலிலேயே சந்தோஷமான ஆள் அவர்தான்.

சட்டம் அப்படி. கன்னிப் பெண்ணும் விதவையும் தன் பேரில் சொத்து வைத்துக்கொள்ளலாம். கல்யாணம் ஆனதும் அவள் பணம், நகை, சாமான் எல்லாம் புருஷனுடையவை, பெண் வீட்டார் முன்கூட்டியே செட்டில்மென்ட் எழுதிப் பாதுகாத்தால் ஒழிய. 1870, 1882 சட்டங்கள் வந்த பிறகுதான் மனைவிக்குத் தன் சொத்து என்று ஒன்று முழுசாக ஆனது. ஆஸ்டின் இறந்தது 1817.

பிப்ரவரி 10, இரவு

‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன், வந்துவிட்டது. ஆமாம், 2000-இல் வந்த அந்தப் படத்துக்கு மூலம் இதுதான். மம்முட்டி பிராண்டன், தபு எலினார், ஐஸ்வர்யா ராய் மரியான். எனக்கு அதில் பெரிய வித்தியாசமாகப் பட்டது, வீட்டை இழந்து சென்னை வந்ததும் அக்கா வேலைக்குப் போவது. தபு கம்ப்யூட்டர் கம்பெனியில் நுழைந்த நிமிஷமே ஆஸ்டினின் முடிச்சு பாதி அவிழ்ந்துவிடுகிறது. அதற்குப் பின் கல்யாணம் மனசு சம்பந்தப்பட்டதாக மட்டும் ஆகிவிடும். எலினாருக்கு அந்தக் கதவு கிடையாது.

மம்முட்டியை மேஜர் என்று வைத்தது பொருத்தம். பிராண்டனும் பட்டாளத்தோடு நம் பக்கம் வந்துபோனவர். வில்லோபி அதை வைத்தே நக்கல் அடிப்பான்: நவாப், மோகர் தங்கக் காசு, பல்லக்கு பற்றி வேண்டுமானால் அவருக்கு ஏதாவது தெரிந்திருக்கும்.

பிப்ரவரி 13

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார்: “கணக்கெல்லாம் சரி. ஆனால் நீங்கள் பிராண்டனை வள்ளல் மாதிரி காட்டுகிறீர்கள்.”

காட்டவில்லை. ஆனால் பிராண்டனின் டெலஃபோர்ட் எஸ்டேட்டின் கதையை யாரும் தொடவில்லை, நானும் சேர்த்துத்தான். 31-ஆம் அத்தியாயத்தில் பிராண்டனே எலினாரிடம் சொல்கிறார். எலைசா, அவருடைய உறவுக்காரப் பெண், கைக்குழந்தையிலேயே பெற்றோரை இழந்தவள். பிராண்டனின் அப்பா கார்டியன். இவரும் அவளும் சேர்ந்து வளர்ந்தவர்கள், ஆசைப்பட்டவர்கள். அவளுக்குப் பெரிய சொத்து. டெலஃபோர்டுக்குப் பெரிய கடன். பிராண்டன் இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைக்கிறார், அதற்கு மேல் விளக்கமே இல்லை. 17 வயதில் அவளை விருப்பமில்லாமல் மூத்த மகனுக்குக் கட்டிவைக்கிறார்கள். ஸ்காட்லாந்துக்கு ஓடலாம் என்று இருவரும் போட்ட திட்டத்தை வேலைக்காரி காட்டிக்கொடுக்கிறாள். கணவன் சரியில்லை. அவள் தடம் மாறுகிறாள். விவாகரத்து. அவளுக்குக் கிடைத்த ஜீவனாம்சம் அவள் கொண்டுவந்த சொத்துக்கு ஏற்றதாக இல்லை, வாழவும் போதவில்லை. பிராண்டன் இந்தியாவிலிருந்து திரும்பி ஆறு மாதம் தேடி, கடன்காரர்களை அடைக்கும் வீடு ஒன்றில், காசநோயின் கடைசிக் கட்டத்தில் அவளைக் கண்டுபிடிக்கிறார். அவள் விட்டுப்போன பெண்குழந்தையை வளர்க்கிறார். அந்தப் பெண்ணைத்தான் வில்லோபி பிறகு கெடுத்து நடுத்தெருவில் விடுகிறான்.

கார்டியனே சம்பந்தியும் ஆனால் என்ன நடக்கும் என்று சிவில் கோர்ட் பக்கம் போனவர்களுக்குச் சொல்லவேண்டாம்.

ஆக, மரியான் எஜமானியாகப் போகிற வீடு, எலைசாவின் பணத்துக்காக எலைசாவைப் பலிகொடுத்த வீடு.

பிப்ரவரி 14

நேற்று எழுதியதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். மரியானின் 2000 எலைசாவின் பணத்திலிருந்து வருகிறது என்று சிலர் எடுத்துக்கொண்டீர்கள். அவ்வளவு நேராக இல்லை. 14-ஆம் அத்தியாயத்தில் மிஸஸ் ஜென்னிங்ஸ் வம்பளக்கும்போது சொல்கிறார்: டெலஃபோர்ட் ஆண்டுக்கு 2000-க்கு மேல் போனதில்லை, அண்ணன் எல்லாவற்றையும் சிக்கலில் விட்டுப்போனான், கர்னல் சிக்கனக்காரர், இதற்குள் அடைத்திருப்பார். அப்படியென்றால் எலைசாவின் சொத்தை அண்ணன் தின்று தீர்த்து, மேலும் கடன் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். கடனை அடைத்தது தம்பியின் சிக்கனம்.

இதில் எனக்கு ஆறுதல் ஒன்றும் இல்லை. அவளைக் கொடுத்தும் கடன் தீரவில்லை.

பிப்ரவரி 14, மதியம்

கனம் கூடிவிட்டது. ஜானிடம் போவோம். பிராண்டன் எட்வர்டுக்கு டெலஃபோர்டின் பாதிரிப் பதவியைச் சும்மா கொடுத்தார் என்றதும் அவனுக்கு நம்பவே முடியவில்லை. ஆண்டுக்கு 200 வருகிற இடம், பழைய பாதிரி சாகக்கிடந்தபோதே பேசியிருந்தால் 1400 பவுண்டு வாங்கியிருக்கலாமே என்கிறான். மரியான் துக்கத்தில் மெலிந்ததைப் பார்த்ததும் இதே மூளைதான் வேலை செய்கிறது: முகக்களை போய்விட்டது, இனி அதிகம் போனால் ஆண்டுக்கு 500, 600 உள்ளவன்தான் வருவான். மாட்டுச்சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடிக்கிறவர்கள்கூட இவ்வளவு சத்தமாக விலை சொல்வதில்லை. நாவல் முடிவில் டெலஃபோர்டின் மரங்களைப் பார்த்துவிட்டு அப்படி ஒரு புல்லரிப்பு, பிராண்டனை மைத்துனன் என்று கூப்பிட மாட்டோமா என்று. இதே ஆள்தான் ஃபேனிக்குக் கண்ணாடிச் செடிக்கூடம் கட்ட நார்லண்டின் பழைய வால்நட் மரங்களை வெட்டினவன்.

பிப்ரவரி 16

“எலினாருக்கு எவ்வளவு தேறியது?” எட்வர்டின் 2000, இவளுடைய 1000, பாதிரிப் பதவியின் 200. மொத்தம் ஆண்டுக்கு 350. இவ்வளவில் சுகமாக வாழலாம் என்று நம்பும் அளவுக்கு இருவருக்கும் காதல் முற்றிவிடவில்லை என்று ஆஸ்டின் முகத்தை நேராக வைத்துக்கொண்டு எழுதுகிறார். பிறகு மிஸஸ் ஃபெரார்ஸ் மனம் இறங்கி 10,000 தருகிறார், ஃபேனிக்குக் கல்யாணத்தின்போது கொடுத்த அதே தொகை. 5 சதவீதம் போட்டால் 850-க்குப் பக்கம். எலினார் “செல்வம்” என்று சொன்ன 1000-க்கு 150 குறைவு.

பிப்ரவரி 16, இரவு

மார்கரெட்டை யாரும் கேட்கவில்லை. கடைசித் தங்கை, தொடக்கத்தில் 13 வயது. 17-ஆம் அத்தியாயத்தில் பெரியவர்கள் 1000, 2000 என்று பேசிக்கொண்டிருக்கும்போது, யாராவது நமக்கெல்லாம் ஆளுக்கு ஒரு பெரிய சொத்து கொடுத்தால் நன்றாயிருக்குமே என்று ஆசைப்படுவது இவள்தான். முடிவில் நடனத்துக்குப் போகும் வயதாகிவிட்டது. இவள் பேரில் கிழவர் எழுதிய 1000 பவுண்டு, ஆண்டுக்கு 50. அம்மாவின் 7000-இல் என்றாவது ஒரு பங்கு. அக்காக்கள் இரண்டு பேரும் இப்போது டெலஃபோர்டில், அதனால் நல்ல இடம் கண்ணில் பட வாய்ப்பு உண்டு. நார்லண்டை விட்டு வந்து குடியேறிய பார்ட்டன் வீட்டில் அம்மாவும் இவளும்தான் மிச்சம். அந்த வீட்டுக்குச் சொந்தக்காரரான சர் ஜானுக்கும் அவர் மாமியார் மிஸஸ் ஜென்னிங்ஸுக்கும் கிண்டல் செய்ய ஆள் கிடைத்துவிட்டது.